மழைக்குச் சேர்த்த காசு

மழை வரப்போகிற வாசனைக்கு மற்றவர்களுக்கு முகம் மலரும். எனக்குக் கால் துடிக்கும். போன வாரம் சென்னையில், அலுவலகத்தின் திறந்த ஜன்னல் வழியாக அது நுழைந்தது. எங்கோ மேற்கே வெந்து கிடந்த மண்ணில் முதல் சொட்டுகள் விழுந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைப் பெண் கண்ணை மூடி மூச்சை ஆழ இழுத்துவிட்டு, "ஆஹா, மண் வாசனை" என்றாள். நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன். கைகள் இரண்டும் முன்னால் நீண்டு, இல்லாத ஒரு தட்டை ஏந்தக் காத்திருந்தன. "எங்க சார் கெளம்பிட்டீங்க?" என்று அவள் கேட்டாள். எங்கேயும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் முழங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று உட்கார மறுத்தது. ஃபோர்மேன் அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். அவருடைய கால்களைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று தோன்றியது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சிவகாசிப் பக்கம் தாயில்பட்டிக்கு அப்பால் கரிசலுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே சோளமும் பருத்தியும் போட்டிருந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். உள்ளே இருந்த நாங்கள் அதே வானத்தைப் பார்த்து வைதோம். ஒரே வீட்டில் அப்பன் மழை கேட்பான், மகள் வெயில் கேட்பாள். சக்கரமும் திரியும் சிமெண்டுத் தளத்தில் பரப்பிக் காய வேண்டும். நனைந்தால் சரக்கு வீண் என்பதோடு விஷயம் முடியாது, ஈரம் பட்ட வெடிமருந்து தானாகச் சூடேறும். ஆகவே முதல் சொட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே கொண்டுபோயாக வேண்டும். ஆனால் ஓடக் கூடாது. மருந்துத் தட்டை வைத்துக்கொண்டு தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலைத் தரையில் இழுக்கவும் கூடாது, உரசல் ஆகாது. செருப்பில்லாத பாதத்தை முழுதாகத் தூக்கி, முழுதாக வைத்து, இடுப்புக்கு மேலே சிலை போலவும் கீழே காற்றாடி போலவும் போகிற ஒரு நடை. ஓட்டத்தின் அவசரமும் நடையின் அடக்கமும் சேர்ந்தது. லோடு பார்க்கிற எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. மழை நாட்களில் குமாஸ்தா, டிரைவர் என்றெல்லாம் அங்கே யாரும் தனியாக இல்லை.

அந்த நடைக்கு உத்தரவு கொடுப்பவர் ஃபோர்மேன் அண்ணாச்சி. ஒல்லியான, நெடிய மனிதர். அலுமினியத் தூள் ஏறி ஏறி முழங்கை வரை சாம்பல் வெள்ளி மினுக்கும். வானத்தில் மேகம் இருக்கிறதா என்று அவர் பார்க்கவே மாட்டார். மூக்கை லேசாகத் தூக்குவார், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே அவருடைய குரல் வேப்ப மரங்களுக்கு நடுவே எழும்: "எடுத்துக்கோ... எடுத்துக்கோ..." கத்தல் இல்லை அது. பதறினால் கூட்டம் பதறும் என்பதால், தாலாட்டு மாதிரி நீட்டி, இழுத்து, ஒரே சுருதியில் சொல்வார். கடைசித் தட்டு உள்ளே போன பிறகு மழை வந்து வெறும் தளத்தில் விழும். நாங்கள் அறை வாசல்களில் நின்று மூச்சு வாங்குவோம். அவர் மட்டும் மழைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சரக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இத்தனை மழைகளில் ஒன்றையாவது அவர் முகம் கொடுத்துப் பார்த்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நாட்களில் வேன் பிடித்து எல்லோரையும் டூர் கூட்டிப் போவார்கள். ஒரு வருஷம் குற்றாலம் போனோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஒரு தெரு வழியே திரும்பிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஆட்கள் மூட்டை முடிச்சைத் தலையில் வைத்துக் கடை ஓரங்களில் ஒதுங்கினார்கள். அண்ணாச்சி நடுத்தெருவில் நின்றுவிட்டார். எதிரே ஒரு ஓட்டு வீட்டின் முன் வராந்தாவில் ஒருவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் வேகவைத்த நிலக்கடலை. மழை சரிந்து வந்து அவர் கால் நுனியை நனைத்தது. அவர் காலை மடக்கக்கூட இல்லை. ஒரு கடலையை உரித்தார், வாயில் போட்டார், மழையைப் பார்த்தார், அடுத்த கடலைக்குக் கை விட்டார். அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். "தம்பி, அந்தாளப் பாத்தீகளா? இம்புட்டு மழை பெய்யுது, எந்திரிக்கவே மாட்டேங்காரு." சொல்லும்போது அவர் குரலில் இருந்ததைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். திருவிழாவில் முதன்முதலாக யானையைப் பார்த்தவன் குரல் அது.

ஊர் திரும்பிய வாரமே விருதுநகர் பஜாருக்குப் போய் அதே மாதிரி ஒரு பிரம்பு நாற்காலி வாங்கினார். பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் அதில் யாரும் உட்காரக் கூடாது, அவரும் உட்காரவில்லை. அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள் தாள்கள் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கட்டுக் கட்டாகக் கிடக்கும், அவற்றைக் கொண்டு அந்த நாற்காலியைக் கை கால் தெரியாமல் சுற்றி, கயிறு கட்டி, வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டார். நிறம் விலகியதால் இரண்டு அலகு முளைத்த கிளியும், கன்னம் பக்கத்து ரோஜாவுக்குப் போய்விட்ட குழந்தையும் அந்தப் பொட்டலத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் போகும்போதெல்லாம் என் கண் மேலேதான் போகும். மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, தரையில் உட்கார்ந்து வாணத்துக்குக் காகிதக் குழாய் சுருட்டியபடியே சொல்வாள்: "அங்கன என்ன பாக்கீக தம்பி? அதுதான் உங்க அண்ணாச்சியோட ரிட்டயர்மெண்டு. கீழ எறங்குறதுக்கு இன்னும் நாளு பாக்கல."

அந்த நாற்காலியைக் கீழே இறக்கத்தான் அவர் காசு சேர்த்தார். மழை பெய்கிற ஒரு ஊரில் ஒரு சின்ன வீடு, அதன் முன்னால் அந்த நாற்காலி, எழுந்திருக்கத் தேவையில்லாத ஒரு மழை. ஓய்வுக் காலம் என்றால் அவருக்கு அதுதான். வேறு எந்தப் படமும் அவர் தலைக்குள் இல்லை. போனஸ் போடுகிற நாளில் எல்லோரும் துணிக்கடை வாசலில் நிற்கும்போது அவர் தபால் ஆபீஸில் நிற்பார். ஏலச் சீட்டில் அவசரப்பட்டுக் கழிவுக்குத் தள்ளி எடுப்பவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பார். மதினி சுருட்டுகிற குழாயில் சோறு, அவர் சம்பளத்தில் மகளின் படிப்பும் கல்யாணமும், மிச்சமெல்லாம் மழைக்கு. லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற ஆட்களுக்கு இது வாயில் போட்டு மெல்ல நல்ல அவல். "ஊர்ல ஆளு ஆளுக்கு நெலத்த வாங்குதான், நகைய வாங்குதான். நீங்க மழைய வாங்கப் போறீகளாக்கும் அண்ணாச்சி? கிலோ என்ன வெலை?" என்பார்கள். "வாங்குனா ஒனக்கும் ஒரு செம்பு தாரேன்லே, மொதல்ல பெட்டிய நேரா அடுக்கு" என்பார் அவர். மதினியும் விடமாட்டாள். "ஊருக்கெல்லாம் தீவாளி, எனக்கு மட்டும் போஸ்டாபீசு. கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் ஒரு பட்டுச்சேலை கேட்டா, இந்த மனுசன் மேகத்தக் காட்டுறாக." ஆனால் சீட்டுக்கார அம்மாள் வரும் நாளில், கொடுக்க வேண்டிய பணத்தை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து முதலில் எடுத்து வைப்பவளும் அவள்தான். அவளுக்கு மழையைப் பற்றிப் பெரிய ஆசை எதுவும் இல்லை. வீட்டுக்குள் ஒரு குழாய், திறந்தால் தண்ணீர். இடுப்பில் குடம் ஏறாத ஒரு காலை. அது மழை பெய்கிற ஊரில்தானே கிடைக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஊருக்கு வேறு வேறு டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

செங்கோட்டைக்குப் போகிற வழியில், மலை கண்ணுக்கு எட்டுகிற ஒரு கிராமத்தில் மனை வாங்கியபோது இனிப்புக் கொடுத்தார். அதற்கு அடுத்த வருஷம் போய்விடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். "இந்த ஒரு சீசன், தம்பி" என்றார். சுவர் எழும்ப ஒரு சீசன் போயிற்று. கூரைக்கு ஒன்று. பிறகு எல்லாம் முடிந்தும் போகவில்லை. உட்கார்ந்து சாப்பிடக் கையில் கொஞ்சம் வேண்டாமா என்றார். எவ்வளவு கொஞ்சம் என்று மதினி கேட்டால், போன வருஷம் சொன்னதை விட ஒரு படி கூடுதலாகச் சொல்வார். அந்த வருஷங்களில் அவரை நான் கூர்ந்து கவனித்தேன். எந்த வேலையிலும் நிலைகொள்ளாமல், அடுத்த பஸ் எது என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்; போகத்தான் எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுப் போகாமல் நிற்கிற ஒருவர் எனக்குப் புதிராக இருந்தார். நாற்காலி விட்டத்தில் லேசாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. கிளியின் இரண்டு அலகுகளும் புகையில் மங்கின.

அவரைக் கிளப்பிவிட்டது ஒரு மழைதான். சித்திரை வெயில், தளம் முழுக்கச் சக்கரம் காய்ந்துகொண்டிருந்தது. நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். காகிதத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. தலை நிமிர்ந்தால் தளமெங்கும் கறுப்புப் பொட்டுகள். "எடுத்துக்கோ" கேட்கவில்லை. அண்ணாச்சி தளத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு, யாரோ திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் தாங்களாகவே அள்ளினார்கள். பாதிக்கு மேல் நனைந்துவிட்டது. நனைந்ததை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "போகட்டும், இத்தன வருசமும் காப்பாத்திக் குடுத்தவரு" என்றார். அந்தப் பெருந்தன்மை அண்ணாச்சியை வசவை விட அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். சாயங்காலம் என்னிடம் வந்து, சுண்டுவிரலால் மூக்கைத் தொட்டுக் காட்டினார். "வாசனை வரல தம்பி. கொஞ்ச நாளாவே வரல. இம்புட்டு வருசத் தூளு உள்ள போய் அடைச்சிருச்சு போல. வீட்ல தாளிக்கிறதுகூடத் தெரியல. வெளிய சொல்லல நான்." பிறகு, "போதும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மாதக் கடைசியில் நாற்காலி கீழே இறங்கியது.

அவர் போனதும் எனக்கும் அங்கே கால் நிற்கவில்லை. மதுரை, கோயம்புத்தூர் என்று வேலை மாறினேன். ஓரிரண்டு வருஷம் கழித்து, சாரல் காலத்தில், நான் இருந்த ஊரிலிருந்து சிவகாசி வந்து பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் செங்கோட்டை பஸ் ஏறி அவர் கிராமத்தில் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. மற்ற வீடுகளின் முன்னால் செம்பருத்தியும் வாழையும் நிற்க, அந்த ஒரு வீட்டின் முன்னால் மட்டும் அகலமான சிமெண்டுத் தளம். நடுவே லேசாக உயர்ந்து, நாலு பக்கமும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, ஓரத்தில் ஒரு விரற்கடைக் கரை கட்டியது. பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மழைக்காகக் கட்டிய வீட்டின் முன்னால் அவர் காயப்போடுகிற தளத்தைக் கட்டி வைத்திருந்தார். கொத்தனார் முற்றம் எப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவருக்கு வேறு முற்றம் தெரியாது. தளம் இப்போது காலியாகவும் இல்லை. ஒரு பக்கம் கொப்பரை, ஒரு பக்கம் மிளகு, நடுவே யாருடைய புளியோ. மழை ஊரில் அப்படி ஒரு தளம் கிடைத்தால் விடுவார்களா! நான் நிற்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சுளகு நிறைய வத்தலைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பிவிட்டு, "அண்ணாச்சி, செத்த பாத்துக்கிடுங்க, கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்று போய்விட்டாள்.

வராந்தாவில் பிரம்பு நாற்காலி இருந்தது. லேபிள் தாளைக் கிழித்தவர் பொறுமை இல்லாமல் கிழித்திருக்கிறார். கால்களில் பசை பிடித்த துண்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. ஒரு காலில் ரோஜாவின் பாதி. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் அதிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கையில் ஏறியிருந்த வெள்ளி மினுக்கம் போய்விட்டிருந்தது, மனிதத் தோலின் நிறம். "வாங்க தம்பி, வாங்க, எளச்சிட்டீகளே" என்றார். மதினி உள்ளேயிருந்து வந்து, வந்ததும் வராததுமாக என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து காட்டினாள். தண்ணீர் கொட்டியது. அதை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாத்தீகளா? நான் வந்த அன்னிக்கே ரிட்டயர் ஆயிட்டேன். உங்க அண்ணாச்சிதான் இன்னும் ஆகல."

"என்ன மதினி சொல்றீக? நாற்காலிதான் எறங்கிருச்சே."

"எறங்கி என்ன? ஒரு மழைக்காச்சும் அதுல உக்காந்து பாத்திருக்காகளான்னு கேளுங்க. ஊர்ச் சாமான் பூராம் நம்ம வாசல்ல கெடக்கு. தூறல் விழுறதுக்கு முன்னால எந்திரிச்சிருதாக. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒரு வாரம் யாரும் எதையும் கொண்டு வராதீகன்னு தெருவுல சொல்லிட்டேன். தளம் சுத்தமாக் கெடக்கு. மழையும் நல்லாப் பெய்யுது. வேகவச்ச கடலைய மடியில வச்சு, 'உக்காந்து பாருங்க, ஒங்க காசு, ஒங்க மழை'ன்னு சொல்லிட்டு உள்ள போனேன். திரும்பி வந்து பாத்தா நாற்காலியில கடலைதான் உக்காந்திருக்கு. எங்கன்னு தேடுனா, அடுத்த தெருவுல எவளோ கொடியில காயப்போட்ட சேலைய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வாராக. சேலைக்காரி வந்து என்கிட்ட என்னன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

பேசிக்கொண்டே வராந்தாவுக்கு வந்திருந்தோம். நான் சிரித்துச் சிரித்துக் குனிந்துவிட்டேன். அண்ணாச்சியும் சிரித்தார், கொஞ்சம் வெட்கத்தோடு. அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் சட்டென்று நின்றது. மூக்கு லேசாக உயர்ந்தது. தளத்தில் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பியபோது அந்தக் கண்களில் நான் பார்த்தது, பிள்ளைகள் தொலைந்த பொருளைக் கண்டெடுக்கும்போது வருமே, அந்த ஒளி. "மூக்கு திரும்பிருச்சு தம்பி," என்றார் ரகசியம் போல. "இங்கன வந்து ஆறு மாசத்துல திரும்பிருச்சு." அடுத்த நொடி அவர் தளத்தில் இருந்தார். "எடுத்துக்கோ... எடுத்துக்கோ..." அதே சுருதி, அதே இழுப்பு. யாருக்குச் சொன்னார்? அந்தத் தெருவில் அந்த அழைப்பு தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் செருப்பை உதறிவிட்டு இறங்கியிருந்தேன். மதினியும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொப்பரை வெடிக்காது. மிளகு தீப்பிடிக்காது. என்றாலும் மூன்று பேரும் ஓடவில்லை. பாதத்தை முழுதாகத் தூக்கி, முழுதாக வைத்து, மார்புக்கு முன்னால் சுளகை ஆடாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய நடையில் போனோம், வந்தோம். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று எங்களை என்னவோ வேண்டுதல் ஊர்வலம் போலப் பார்த்தார். வத்தல் உள்ளே போனதும் மழை வந்து விழுந்தது. வராந்தாவில் மூவரும் மூச்சு வாங்க நின்றோம். மதினி நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

அந்த வீட்டில் அவர் சில வருஷங்கள் இருந்தார். மூச்சு சம்பந்தமாக ஏதோ நோய் வந்து இறந்துபோனார் என்று பிறகு தெரிந்தது. மதினி சாத்தூரில் மகளோடு இருக்கிறாள். அங்கே மாடியில் தொட்டி வைத்த குழாய் உண்டு என்று மகள் போனில் சொன்னாள், நான் கேட்காமலே. ஒருமுறை செங்கோட்டை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். தளம் அப்படியே இருந்தது. காயப்போட்டவற்றின் மேலே நீலத் தார்ப்பாயை இழுத்து மூடி, கல் வைத்திருந்தார்கள். மழைக்கு யாரும் எழுந்திருக்கத் தேவையில்லாதபடி வேறு யாரோ எளிதாக ஒரு வழி செய்திருந்தார்கள். எனக்கு இப்போது ஓய்வு பெற அதிக காலம் இல்லை. சேமிப்புக் கணக்குச் சீட்டு வந்தால் பார்க்கிறேன், மடித்து வைக்கிறேன். எந்த ஊருக்காக, எந்த நாற்காலிக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒருவருடைய ஆசை இவ்வளவு தெளிவாக, கால் நுனி நனைகிற அளவுக்குத் தெளிவாக இருந்ததே என்று ஏங்குகிறேன். போன வாரம் அலுவலகத்தில் நீண்ட கைகளோடு நின்றபோதும் அந்த ஏக்கம்தான்.

அவர் கிராமத்துக்கு நான் போயிருந்த அன்று பிற்பகல் என்னை பஸ் ஏற்ற அவர் கூட வந்தார். குடை எடுக்கவில்லை. நிறுத்தத்தில் நிற்கும்போது சாரல் மறுபடி வலுத்தது. நான் புளியமரத்தடிக்கு ஒதுங்கினேன். அவர் சாலை ஓரத்திலேயே நின்றார். அள்ள எதுவும் இல்லை. சுற்றிலும் ஏற்கெனவே நனைந்த உலகம். மழை அவர் முகத்தில் விழுந்தது, கன்னத்தில் இறங்கியது. அவர் முதுகைத் திருப்பவில்லை. அவர் மழைக்கு முகம் கொடுத்து நின்றதைப் பார்த்தது எனக்கு அதுதான் முதலும் கடைசியும். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த இமைகளோடு அண்ணாந்து, இவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"தம்பி, நேத்து சிவகாசி வழியாத்தானே வந்தீக. நம்ம பக்கம் வெயிலு எப்படி?"

"நல்ல வெயிலு அண்ணாச்சி. கொளுத்துது."

பஸ் நகர்ந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டுச் சொன்னார்:

"அப்பச் சரி. காயட்டும்."